பரங்கிமலையிலிருந்து சட்டசபைக்கு: எம். சி. ராஜாவும் பட்டாளத்துக் காகிதமும்

1945 ஏப்ரலில் இத்தாலிப் போர்முனையில் வலக்கையை இழந்தார் அமெரிக்கப் படைவீரர் டேனியல் இனோயே. 1952இல் சட்டப் பட்டம் வாங்கினார். 1954இல் ஹவாய் சட்டமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தார். பட்டாளம், சட்டம், சட்டமன்றம் என்ற மூன்று படிகளையும் ஒரே ஆள் ஒன்பது ஆண்டுக்குள் ஏறிவிட்டார். தென்சென்னைப் புறநகரில் அதே படிகளைத் தேடுகிறவர் ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார். இங்கே அந்த ஏற்றம் பல பேருடைய வாழ்க்கையில் பங்குபோட்டுக் கிடக்கிறது. அதன் ஒரு முனை பரங்கிமலை. ஆதிதிராவிட அரசியலின் பிறப்பை மிஷன் பள்ளிக்கூடத்தோடு மட்டும் முடிச்சுப் போடுவது நம் ஆய்வுலகில் பழகிப்போன வழக்கம். பரங்கிமலைக் கண்டோன்மெண்டை விட்டுவிட்டு ஆதிதிராவிடத் தலைவர் எம். சி. ராஜாவை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் வாதம்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை எல்லாம் அன்று செங்கல்பட்டு ஜில்லா. ஊர் நிலம் மிராசுதார்களின் கையில் இருந்தது. சேரியில் குடியிருந்த பறையருக்குத் தான் படுத்துறங்கும் மனைகூடச் சொந்தமில்லை. கூலி கூட்டிக் கேட்டால் மனையை விட்டுக் கிளம்பச் சொல்லலாம். கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்தக் கட்டுமானத்தைத்தான் அம்பலமாக்கியது. அதன் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் பேசுவது அதிலிருந்துதான்.

அதே ஜில்லாவுக்குள் பரங்கிமலை வேறொரு தீவு. சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடம் அது. மண் சர்க்காருடையது, மிராசுதாருக்கு அங்கே அதிகாரம் இல்லை. கூலி நெல்லாக அளக்கப்படவில்லை, காசாக வந்தது. அதைவிடப் பெரிது, ஆளுக்கு ஒரு காகிதம் இருந்தது. பழைய சிப்பாயின் டிஸ்சார்ஜ் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். பெயர், தகப்பன் பெயர், ஊர், ஜாதி, உயரம், அங்க அடையாளம், சேவை செய்த வருடம், நடத்தை எல்லாம் வரிசையாக இருக்கும். மடித்து மடித்து இற்றுப்போன இடத்தில் துணி ஒட்டி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருப்பார்கள். கிராமத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் இல்லாதவனுக்கு அந்தத் தாளில் முழுப் பெயரும் முத்திரையும் உண்டு. எழுதிய விதியைக் காட்டி உரிமை கேட்கலாம் என்ற பாடத்தைப் பென்ஷன் வரிசைதான் முதலில் கற்றுக்கொடுத்தது.

பட்டாளத்தில் சேரும் அந்த வாசல் பிறகு அடைபட்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதி. 'போர்க்குணச் சாதி' என்ற கொள்கையை அவர் தூக்கிப் பிடித்தார். தெற்கத்திச் சிப்பாய்க்குப் படையில் இடம் சுருங்கியது. பம்பாய்ப் பக்கம் தாழ்த்தப்பட்ட மகர் சாதியாருக்கும் இதே கதிதான். மனு எழுதும் காலம் அப்போது தொடங்குகிறது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது, நடத்தினால் மேல்சாதியாரே பதவிகளை நிறைத்துக்கொள்வார்கள் என்று ஆதிதிராவிடத் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 3,412 கையொப்பங்களோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அதை அங்கே கொண்டுசேர்த்தவர் ஜெனரல் செஸ்னி. இந்தியாவில் சேவை செய்து ஓய்வுபெற்று, 1892இல் ஆக்ஸ்ஃபோர்டு தொகுதியின் உறுப்பினரானவர். துப்பாக்கியை வைத்துவிட்டுச் சட்டசபைக்குப் போன ஒரு வெள்ளைக்காரர் வழியாகத்தான் நம்மவர் குரல் முதலில் அங்கே கேட்டது. சீனிவாசன் பின்னர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். கோர்ட்டு மொழியை அவர் கற்ற இடம் அது.

ராஜா 1883இல் பரங்கிமலையில் பிறந்தார். தகப்பனார் மயிலை சின்னத்தம்பி வேலை பார்த்தது லாரன்ஸ் அசைலத்தில்; பட்டாளத்தார் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட அமைப்பு அது. ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார் ராஜா. கல்லூரி அப்போது நகருக்குள் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937இல்தான். அவர் சிப்பாயும் இல்லை, வக்கீலும் இல்லை, பள்ளி ஆசிரியர். வக்கீல் என்ற படியை நிரப்பியவர் சட்டக் கல்லூரிப் பேராசிரியராகவும் இருந்த இன்னொரு ஆதிதிராவிடத் தலைவர் என். சிவராஜ். ஆனாலும் 1920இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்த ராஜா கையிலெடுத்த பெரிய காரியம் எதுவென்று கவனிக்க வேண்டும். பதிவேட்டில் எழுதும் பெயர்! பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானம் 1922இல் நிறைவேறி அரசாணையும் ஆயிற்று. வெறும் பெயர் மாற்றம்தானே என்று இதை ஒதுக்கிவிடும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காகிதத்தில் ஒருவன் எப்படி எழுதப்படுகிறானோ அப்படித்தான் அவனுக்குப் பென்ஷனும் மனையும் பள்ளிச் சேர்க்கையும் கிடைக்கும் என்பது கண்டோன்மெண்டுக்காரர்களுக்குத் தெரிந்த உண்மை.

அம்பேத்கரின் வாழ்க்கை இந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது. அவரும் கண்டோன்மெண்டுப் பிள்ளை. 1891இல் மௌவில் பிறந்தவர், சுபேதார் ராம்ஜியின் மகன். 1913இல் பரோடா சமஸ்தானப் படையில் சில நாள் லெப்டினன்டாக இருந்தார். பின்பு பாரிஸ்டர், அதன்பின் பம்பாய்ச் சட்டசபை உறுப்பினர். இனோயேயின் மூன்று படிகளும் அவரிடம் உண்டு. ஆனால் முதல் படியில் நெடுங்காலம் நின்றவர் தகப்பனார். மௌவையும் பரங்கிமலையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இது தனி ஒருவரின் கெட்டிக்காரத்தனம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

காகிதத்தின் எல்லையையும் ராஜா பார்த்தார். 1937இல் சில மாதங்கள் அமைச்சராகவும் இருந்தவர், 1938இல் ஆலய நுழைவு மசோதாவைச் சட்டசபைக்குக் கொண்டுவந்தார். சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார். மசோதா தோற்றது. அதே ஆண்டில் கிணறு, சாலை போன்ற பொது இடங்களில் தடையை நீக்கும் சட்டம் மட்டும் நிறைவேறியது. ராஜா 1943இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1941இல், போரின் தேவை மகர்களுக்குத் தனி ரெஜிமென்டை உண்டாக்கி, அடைத்திருந்த வாசலை மறுபடி திறந்திருந்தது.