தென்னமரத்தில் காய்த்த செம்பனை

மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை போட்ட முதல் தோட்டத்தின் பேர் தென்னமரம். கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) இருக்கிறது. ரோமன் எழுத்தில் எழுதினாலும் வாய்விட்டு வாசித்தால் தமிழ்தான்.

1917-இல் அங்கே செம்பனை போட்டவர் ஹென்ரி ஃபோகோனியே. 1905-இல் மலாயா வந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் உருவாக்கிய பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஆக, துரையைப் பற்றித் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. குழி வெட்டியவர்களைத் தேடினால் கையில் மிஞ்சுவது அவர்கள் பேசிய சொற்கள்தான்.

விடியுமுன் பேர் கூப்பிட்டால் 'பெரட்டு'. ஒருவர் வெட்டும் மர வரிசை 'நெரை'. வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியது 'ஒட்டுப்பால்', மங்கில் உறைந்தது 'கட்டிப்பால்'. ரப்பர் மரமே 'கித்தா', மலாய் 'கெத்தா'விலிருந்து வந்தது. கணக்கு எழுதுபவர் 'கிராணி', வேலை வாங்குபவர் 'தண்டல்'. புது மரம் வந்தபோதும் யாரையும் கேட்கவில்லை. பனை ஏற்கெனவே தெரியும், பழம் சிவப்பு. செம்பனை! தமிழ்நாட்டு நண்பரிடம் சொன்னால் 'பாமாயில் மரமா?' என்கிறார். நம்முடைய சொல்தான் அழகு.

இந்தத் தமிழ் புத்தகத்தில் ஏறியதும் உண்டு. துரைமார் படிக்க 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் ஒரு கையேடு போட்டார்கள். தலைப்பே 'இங்கே வா'! கூப்பிட, ஏவ, அதட்டத் தேவையான தமிழ் அச்சேறியது. லயத்தில் துரை இல்லாத நேரத்தில் பேசிய தமிழுக்கு அப்படியொரு கையேடு ஏது?

1938-இல் இந்திய அரசு கூலி ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் கங்காணி முறை முடிந்தது. பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். வேலை போனால் அதன் சொல்லும் போகும். வாளி, மங்கோடு ஒட்டுப்பாலும் போனது. குலை வெட்டுவதும் மட்டை அடுக்குவதும் உதிரிப்பழம் பொறுக்குவதும் வந்தன. இன்று அந்த வேலையையும் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் செய்கிறார்கள். நம்மவர்கள் தாமானுக்கு வந்துவிட்டார்கள். தாமானில் நெரை கிடையாது, லோட் நம்பர்தான். பெரட்டு என்றால் என்னவென்று எழுபது தாண்டிய பாட்டிகளிடம் கேளுங்கள், ஒரு மணிநேரம் பேசுவார்கள். ஃபோனில் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள்.