நெய்யூர் டாக்டரின் தொண்டை

எவரெஸ்ட் என்றதும் டென்சிங்கும் ஹிலாரியும்தான் உங்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். நம்ம நெய்யூர் வருமா? வரவேண்டும்!

கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கியது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போய்த் திரும்பிய ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய சர்ஜன், ஊர் சுற்றிப் பார்க்க இந்தப் பக்கம் வந்தார். நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் கிடைக்கவிருந்த நல்ல வேலையை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஜூன் 4-ம் தேதி கிட்டத்தட்ட 28,000 அடி வரை ஏறிவிட்டு இறங்குகிறார். வழியில் தொண்டையை ஏதோ அடைத்துக்கொண்டது. மூச்சு வரவில்லை. முன்னால் போன நார்ட்டனைக் கூப்பிடக் குரலும் இல்லை. சரி, சாகலாம் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது!

இதை 1936-ல் தன் புத்தகத்தில் அவரே எழுதினார். தொண்டையின் உள்சவ்வு உரிந்து அடைத்துக்கொண்டது என்பது அவர் கணிப்பு. பரிசோதிக்கச் சவ்வு இல்லை, சாட்சி இல்லை. ஆனாலும், குளிர்ந்த வறண்ட காற்று தொண்டையை என்ன செய்யும் என்று ஆராய்ந்தவர்கள் பிற்பாடு அந்தப் பக்கங்களைத்தான் புரட்டினார்கள். காரணம், எப்போது, எங்கே, எதற்குப் பின் எது என்று வரிசையாகச் சொல்லியிருந்தார்.

இப்போது நெய்யூர் வார்டுக்கு வாருங்கள். அங்கே குடல்புண் நோயாளிகள் ஏராளம். அவர்களைப் பற்றி அதே 1936-ல் சாமர்வெல்லும் ஆர் என்ற டாக்டரும் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை இதழில் எழுதினார்கள். அந்தக் காலத்தில் சந்தேகம் சாப்பாட்டின் மேல்தான். குடல்புண்ணுக்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதை ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்தது 1980-களில். 2005-ல் நோபல் பரிசு. அந்தக் கிருமி பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே தொற்றுவது.

'எங்க வீட்ல அம்மைக்கும் இதே வயித்துவலிதான்' என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால்? கிருமி உடனே பிடிபட்டிருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால், கேட்கவேண்டிய கேள்வி ஒன்று முன்கூட்டியே எழுந்திருக்கலாம். டாக்டரின் தொண்டை புத்தகமாயிற்று. நோயாளிகளின் வயிறு வெறும் எண்ணிக்கையாயிற்று.

இன்று உங்களாலும் எழுத முடியும். எழுதுங்கள், தேதி போட்டு. ஆராய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அச்சில் வந்தாலும் அது இன்னொருவரின் வலி. எடுக்குமுன் கேளுங்கள்.