ஓரணாச் சாப்பாடும் ஒரு கணக்குத் தலைப்பும்



போன வாரம் திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். தியாகராயா கல்லூரி நிலையம் என்று அறிவிப்பு வந்ததும் எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவர், "சார், என்னத் தெரியுதா? ஏழாங்கிளாஸ்ல உங்ககிட்டதான் படிச்சேன்" என்றார். இப்போது எண்ணூர்ப் பக்கம் வேலையாம். பேச்சுவாக்கில், "இந்தத் தியாகராயரும் தி.நகர் தியாகராயரும் ஒரே ஆள்தானா சார்?" என்று கேட்டார். ஒரே ஆள்தான் என்றேன். அதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதிப் பாடத்தை இங்கே நடத்துகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிட்டி தியாகராயர் நம்ம ஊர்க்காரர். வடசென்னையில் வாழ்ந்து, நெசவுத் தொழில் நடத்தியவர். 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை, அதாவது பின்னாளில் நீதிக்கட்சி என்று எல்லோரும் அழைத்த அமைப்பை, உருவாக்கியவர்களில் முதன்மையானவர். 1920 தேர்தலில் கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்றார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் அந்தப் பொறுப்பை ஏற்றார். சில மாதங்களில் அவர் விலக, 1921-இல் பனகல் அரசர் வந்தார்.

அது எப்படிப்பட்ட ஆட்சி என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1919-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது இரட்டை ஆட்சி. கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், வேளாண்மை எல்லாம் இந்திய அமைச்சர்களிடம். நிதி, நிலவரி, காவல், நீதி ஆகியவை ஆளுநரும் அவருடைய நிர்வாக சபையும் வைத்துக்கொண்டவை. வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன்: "சமைக்கிற பொறுப்பு மருமகளுக்கு, அரிசிப் பானையின் சாவி மாமியாருக்கு." பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் தேர்வில் யாரும் அதைத் தப்பாக எழுதியதில்லை.

மாகாணத்தின் சாவியே அப்படி என்றால், அதற்கு மேலே டில்லி. புதிய ஏற்பாட்டின்படி மாகாணங்கள் ஆண்டுதோறும் மத்திய அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை மொத்தம் 983 லட்சம் ரூபாய். அதில் சென்னை மாகாணத்தின் பங்கு மட்டும் 348 லட்சம். வங்காளத்துக்கு 63 லட்சம், பம்பாய்க்கு 56 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே நம் தலையில்.

இந்த நிலையில்தான் அந்தச் சாப்பாடு வருகிறது.

தியாகராயர் அப்போது சென்னை மாநகராட்சியின் தலைவர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். பசியால் வருகை குறைகிறது என்று சொல்லி, பள்ளியிலேயே சிற்றுண்டி கொடுக்க 1920 செப்டம்பரில் மாமன்றம் ஒப்புதல் தந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23-இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள். 1924-25-இல் 1,671. இரண்டே ஆண்டில் இருமடங்கு! சோறு போட்டால் பிள்ளை வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அப்புறம் நின்றுவிட்டது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று அரசு மறுத்தது. 1925 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு சாப்பாடு இல்லை. அதே ஏப்ரல் 28-ஆம் தேதி தியாகராயரும் மறைந்தார்.

கணக்கு வாத்தியார் இல்லைதான், இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,671 பிள்ளைகளுக்கு ஓரணா வீதம் ஒரு நாளைக்குச் சுமார் 104 ரூபாய். ஆண்டுக்கு 200 நாள் பள்ளி என்றாலும் 21,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 348 லட்சம் கட்டச் சொல்லப்பட்ட மாகாணத்தில் 21,000 ரூபாய்! அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்று அதிகாரிகள் சொல்வார்கள். சரிதான். பிள்ளையின் வயிற்றுக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அன்றைய கல்வி அமைச்சர் ஏ.பி. பாத்ரோ நீதிக்கட்சிக்காரர்தான். துறை தம் ஆள் கையில் இருந்தும் அந்த ஒரு விதி நகரவில்லை. வெள்ளைக்காரன் தடுத்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதி வரலாறு. அதிகாரம் போதவில்லை, அக்கறையும் போதவில்லை.

அக்கறை என்று சொன்னதால் கிராமத்துக்கும் வருகிறேன். நம் நகரத்தைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், நிலமில்லாத பறையர் மக்களின் நிலை பற்றி 1891-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் வேர் அங்கேதான். முப்பது ஆண்டு கழித்து அமைச்சரவை வந்தபோதும் நிலவரி அமைச்சர்களிடம் இல்லை. கிராமத்தில் நியாயம் செய்ய வேண்டுமானால் முதலில் தொட வேண்டியது நிலம். அதைத் தொடும் அதிகாரமே கொடுக்கப்படவில்லை.

ஆனால் உள்ளாட்சி அமைச்சர்களிடம் இருந்தது. 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கவும் தாழ்த்தப்பட்டோருக்குத் தடையில்லை என்பது அதன் சாரம். நிறைவேறியது. அடுத்த மாதமே அரசாணை ஆனது. கையில் இருந்த துறையில் இவ்வளவு செய்ய முடிந்தது. கிணற்றடியில் அந்த ஆணை எத்தனை ஊரில் செல்லுபடியானது என்பதைக் கிராமத்திலிருந்து வந்தவர்கள் அறிவார்கள்.

நகரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1921 ஜூனில் பெரம்பூர் பின்னி ஆலையில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டியதே காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் பேசினார்கள், தியாகராயர் உட்பட. எம்.சி. ராஜா மனம் கசந்து 1923-இல் கட்சியை விட்டு வெளியேறினார். ஏழைப் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று நினைத்த அதே மனிதர்தான் புளியந்தோப்பின் ஏழைகள் விஷயத்தில் அப்படிப் பேசினார். பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லப் பழக வேண்டும்.

1925-இல் நின்றது எப்போது மீண்டது? 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாநிலத் திட்டமாகவே வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கிராமங்களில் தொடங்கினார். செப்டம்பரில் அது நகரங்களுக்கும் வந்தது. இம்முறை அது ஒரு மாமன்றத்தின் நல்லெண்ணத்தோடு நிற்கவில்லை. வரவு செலவுத் திட்டத்தில் தனக்கென்று இடம் பிடித்தது. அமைப்பாளர், சமையலர் என்று பணியிடங்கள் வந்தன. அதன் பிறகு எந்த ஆட்சி வந்தாலும் அதை நிறுத்தத் துணியவில்லை.

நான் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மாநகராட்சிப் பள்ளிகளில் வேலை பார்த்தவன். மதியச் சோறு இருந்தது. காலைதான் இல்லை. காசிமேட்டுப் பிள்ளைகளின் அம்மாக்கள் விடிவதற்கு முன்பே மீன் ஏலத்துக்குப் போய்விடுவார்கள். காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணிடம், "என்னம்மா சாப்ட?" என்று கேட்டேன். "டீயும் பொறையும் சார்" என்றாள். அதன் பிறகு என் மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. அது தீர்வு இல்லை என்று எனக்கும் தெரியும். இழுப்பறையில் இருக்கும் வரைதான் பிஸ்கட். 1925 வரைதான் அந்த ஓரணாவும்.

காலை உணவுத் திட்டம் 2022-இல் மதுரையில் தொடங்கி, 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். எந்தக் கட்சிக்காரன் நான் என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். உப்புமாவுக்குக் கட்சி இல்லை.

சமக்ர சிக்‌ஷா நிதி தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது 1925 ஏப்ரல்தான். பொறுப்பு ஓரிடம், பணப்பெட்டி வேறிடம். பெயர்கள் மாறியிருக்கின்றன. கேள்வி மாறவில்லை.

ஆகவே, மெட்ரோவில் கேட்ட என் மாணவருக்கு மீதிப் பதில் இது. எந்தக் கட்சி சமூக நீதி பற்றி எந்த வாக்குறுதி கொடுத்தாலும் கை தட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேள் தம்பி. அதைச் செய்யும் அதிகாரம் இவர்களிடம் இருக்கிறதா? எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும்? "மக்கள்" என்று இவர்கள் சொல்லும்போது அதில் புளியந்தோப்பும் உண்டா?

உங்கள் பள்ளிச் சாப்பாட்டு நினைவுகளைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். வழக்கம்போல எழுத்துப் பிழையும் திருத்துவேன்.