பெர்லின் பன்னாட்டுத் திரைப்பட விழா

ஜெர்மனியின் தலைநகரில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் பெர்லின் பன்னாட்டுத் திரைப்பட விழா, ‘பெர்லினாலே’ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படுகிறது. கான், வெனிஸ் விழாக்களுக்கு நிகராக வைத்துப் பேசப்படும் விழா இது. முதற்பரிசான தங்கக் கரடி, அந்நகரின் சின்னத்தைக் கொண்டு சிற்பி ரெனே சிந்தெனிஸ் வடித்தது. மற்ற இரண்டையும்விட இதுவே அரசியல் விழா என்பது பொதுக் கருத்து. விழாவை நடத்துபவர்களும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். கருத்து சரியானதுதான். ஆனால் 1951இல் விழாவைப் பிறப்பித்த அரசியலும் இன்று அது பெருமைப்படும் அரசியலும் வேறு வேறு. முதலாவது, வென்ற வல்லரசு மேலிருந்து கொடுத்தது. இரண்டாவது, படைப்பாளிகளும் பார்வையாளர்களும் விழாவோடு சண்டையிட்டுப் பெற்றது. விழாவுக்குத் தகுதியைத் தந்தது இந்த இரண்டாவது அரசியலே என்பதற்கு அதன் வரலாற்றில் போதிய சான்றுகள் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெர்லின் நான்கு நாடுகளின் ஆளுகையில் பங்கிடப்பட்டிருந்தது. 1948–49இன் சோவியத் முற்றுகையையும், விமானம் வழியே வந்த உணவையும் நிலக்கரியையும் கொண்டு பிழைத்திருந்ததையும் மேற்கு பெர்லின் மக்கள் மறந்திருக்கவில்லை. கிழக்கின் நடுவே தீவாக நின்ற அந்தப் பகுதியை மேற்குலகின் காட்சிச் சாளரமாக்க விரும்பிய அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் திரைப்பட அதிகாரி ஆஸ்கர் மார்ட்டே, விழா யோசனையை முன்னெடுத்தார். இயக்குநராக ஆல்ஃபிரட் பவர் அமர்த்தப்பட்டார். 1951 ஜூன் 6 அன்று டிட்டானியா பலாஸ்ட் அரங்கில் ஹிட்ச்காக்கின் ‘ரெபெக்கா’ திரையிடப்பட்டு விழா தொடங்கியது. நாயகி ஜோன் ஃபான்டெய்ன் நேரில் வந்திருந்தார். சோவியத் ஒன்றியத்துக்கும் அதன் அணி நாடுகளுக்கும் அழைப்பு இல்லை. அவ்வாண்டு பரிசுகள் வகைவாரியாக வழங்கப்பட்டன. இசைப்படங்களில் டிஸ்னியின் ‘சின்ட்ரெல்லா’வும், நாடகப் படங்களில் ‘ஃபோர் இன் எ ஜீப்’ என்ற சுவிட்சர்லாந்துப் படமும் தங்கக் கரடி பெற்றன. பின்னது, நான்கு வல்லரசுகளின் சிப்பாய்கள் ஒரே ஜீப்பில் ரோந்து சுற்றும் வியன்னாவைப் பற்றியது. நால்வரால் துண்டாடப்பட்ட இன்னொரு நகரத்தில் அந்தப் படத்துக்குக் கிடைத்த பரிசை வெறும் ரசனையின் தீர்ப்பாக மட்டும் கொள்வதற்கில்லை.

அப்படியானால் தொடக்க கால விழா வெறும் பிரச்சாரம்தானா என்று கேட்கலாம். நோக்கம் பிரச்சாரமே, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நோக்கத்துக்கு அடங்காத ஒரு பங்காளி முதல் ஆண்டே உள்ளே வந்துவிட்டார். அவர்தான் நகரத்துப் பார்வையாளர். எல்லைக் கோட்டை ஒட்டிய மேற்கு பெர்லின் திரையரங்குகளில் கிழக்கு பெர்லின்வாசிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் விழாப் படங்கள் காட்டப்பட்டன. 1952 முதல் 1955 வரை நடுவர் குழுவே கிடையாது. படம் பார்த்தவர்களின் வாக்கே பரிசைத் தீர்மானித்தது. பொதுமக்களிடம் விட்டால் எளிய பொழுதுபோக்கைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று நினைப்பவர்கள் 1953ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். கானில் முதற்பரிசு வாங்கிய, ஆறுதல் எதுவும் தராத பிரெஞ்சுப் படமான ‘வேஜஸ் ஆஃப் ஃபியர்’ படத்தையே பெர்லின் மக்களும் தேர்ந்தெடுத்தார்கள். 1956இல் உலகத் தயாரிப்பாளர் சங்கக் கூட்டமைப்பின் முழு அங்கீகாரம் கிடைத்ததும் பன்னாட்டு நடுவர் குழு வந்தது, முதற்பரிசைத் தீர்மானிக்கும் உரிமை மக்கள் கையிலிருந்து போயிற்று. ஆனால் டிக்கெட் வாங்கும் பொதுமக்களுக்காகவே நடக்கும் விழா என்ற அடித்தளம் மாறவில்லை. கானில் திரைத்துறையினருக்கே பெரும்பாலான இருக்கைகள். பெர்லினில் இன்றும் 3 லட்சத்துக்கு மேல் டிக்கெட்டுகள் விற்பனையாகின்றன.

1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்ததும் கிழக்கிலிருந்து வந்த பார்வையாளர்கள் ஒரே இரவில் இல்லாமல் போனார்கள். காட்சிச் சாளரத்தை எதிரே நின்று பார்க்க ஆள் இல்லாத நிலையில், அதன் பொருளும் தேய்ந்தது. முறிவு வந்தது 1970இல். மிகாயேல் வெர்ஹோவன் இயக்கிய ‘ஓ.கே.’ என்ற மேற்கு ஜெர்மனிப் படம் போட்டியில் இருந்தது. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு பெண்ணைக் கடத்திச் சென்று வன்புணர்ந்து கொன்ற உண்மைச் சம்பவத்தை, வெர்ஹோவன் பவேரியக் காட்டில் வைத்து எடுத்திருந்தார். அமெரிக்கச் சீருடை அணிந்த நடிகர்கள் பவேரிய வட்டார மொழி பேசினார்கள். கொடுமை எங்கோ தொலைதூரத்தில் நடப்பதாகப் பார்வையாளர் நினைத்து ஒதுக்கிவிட முடியாதபடி செய்த உத்தி அது. நடுவர் குழுத் தலைவர், ஹாலிவுட் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். டக்காவ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது அங்கிருந்த காட்சிகளைப் படம்பிடித்துப் பதிவு செய்தவர் அவர். அப்படிப்பட்டவரே, மக்களிடையே நல்லுறவை வளர்க்க வேண்டும் என்ற விழா விதிக்கு இந்தப் படம் பொருந்தவில்லை என்று நின்றார். குழுவில் இருந்த யுகோஸ்லாவிய இயக்குநர் துஷான் மகவேயெவ் எதிர்த்தார், விஷயம் வெளியே வெடித்தது, நடுவர் குழு பதவி விலகியது. அந்த ஆண்டு போட்டிப் பரிசு யாருக்கும் இல்லை.

விழாவின் வரலாற்றில் மிகப் பெரிய தோல்வி அதுதான் என்றாலும், அதிலிருந்து பிறந்ததே அதன் மிகச் சிறந்த பகுதி. உல்ரிக் கிரேகரும் எரிகா கிரேகரும் நண்பர்களோடு சேர்ந்து அதே ஆண்டு பெர்லினில் அர்சனால் என்ற சிறு திரையரங்கைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களிடமே ஒரு தனிப் பிரிவு ஒப்படைக்கப்பட்டது. 1971இல் தொடங்கிய இளம் திரைப்படங்களுக்கான ‘ஃபோரம்’ பிரிவின் தேர்வில் விழா இயக்குநர் தலையிட முடியாதபடி ஏற்பாடு இருந்தது. விழா முடிந்ததும் படப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டு மறந்துபோகும் வழக்கத்தையும் ஃபோரம் மாற்றியது. பல படங்களுக்குத் துணைத்தலைப்பிட்டு, பிரதியை அர்சனால் சேமிப்பில் வைத்து, ஆண்டு முழுவதும் திரையிடக் கொடுத்தார்கள். சொந்த நாட்டில் தடைபட்ட சில படங்கள் அழியாமல் இருப்பதற்கு இந்தச் சலிக்காத உழைப்பும் ஒரு காரணம். 1976இல் ஜப்பானிய இயக்குநர் ஒஷிமாவின் ‘இன் தி ரெல்ம் ஆஃப் தி சென்சஸ்’ படத்தை அரசு வழக்குரைஞர் பறிமுதல் செய்தபோதும் ஃபோரம் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

இரு ஜெர்மனிகளும் பேசத் தொடங்கிய எழுபதுகளில் கதவு கிழக்குப் பக்கமும் திறந்தது. 1974இல் சோவியத் படமும், 1975இல் கிழக்கு ஜெர்மனியின் ‘ஜேக்கப் தி லையர்’ படமும் வந்தன. 1978இல் புதிய இயக்குநர் வுல்ஃப் டோனர் விழாவை வெயில் காலத்திலிருந்து பிப்ரவரிக் குளிருக்கு மாற்றினார். கானுக்கு முந்திக்கொண்டு படங்களையும் வணிகர்களையும் ஈர்ப்பதற்கான ஏற்பாடு அது. மறு ஆண்டு வியட்நாம் மீண்டும் வந்தது. ‘தி டியர் ஹன்டர்’ படம் வியட்நாம் மக்களை இழிவுபடுத்துவதாகச் சொல்லி சோவியத் அணி நாடுகள் தங்கள் படங்களோடு வெளியேறின. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கர் ஒருவரின் மனம் புண்பட்டதற்காக நின்றுபோன விழா, இம்முறை மறுதரப்பின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு இறுதிவரை நடந்து பரிசுகளையும் வழங்கியது. இவ்விரு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே விழா எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பது தெரியும். சுவர் இடிந்த பின், 1990 பிப்ரவரியில் நகரின் இரு பாதிகளிலும் விழா நடந்தது. செக்கோஸ்லோவாகியாவில் இருபது ஆண்டுகள் பூட்டிவைக்கப்பட்டிருந்த யிரி மென்சலின் ‘லார்க்ஸ் ஆன் எ ஸ்ட்ரிங்’ தங்கக் கரடியைப் பகிர்ந்துகொண்டது. 2000இல் விழா, சுவர் ஓடிய பாழ்நிலமாகக் கிடந்த பாட்ஸ்டாமர் பிளாட்ஸுக்குக் குடிபெயர்ந்தது.

பெர்லின் கருத்தைப் பார்க்கிறது, கலையைப் பார்ப்பதில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. சில ஆண்டுகளின் போட்டிப் பட்டியலுக்கு அது பொருந்தவும் செய்யும். நல்லெண்ணம் மட்டுமே தகுதியாகக் கொண்ட படங்கள் அங்கே வந்ததுண்டு. ஆனால் சத்யஜித் ராய்க்கு ‘மகாநகர்’, ‘சாருலதா’ ஆகியவற்றுக்காக 1964, 1965இல் அடுத்தடுத்து இயக்குநருக்கான வெள்ளிக் கரடி கொடுத்ததும், 1988இல் ஜாங் யிமோவின் முதல் படமான ‘ரெட் சார்கம்’ படத்துக்குத் தங்கக் கரடி கொடுத்ததும் இதே விழாதான். வங்கப் பஞ்சத்தைப் பற்றிய ராயின் ‘அஷனி சங்கேத்’ 1973இல் தங்கக் கரடியும், அதே பஞ்சத்தைத் தேடிச் செல்லும் மிருணாள் சென்னின் ‘அகாலேர் சந்தானே’ 1981இல் வெள்ளிக் கரடியும் பெற்றன. இவ்விரு படங்களிலும் அரசியல் எது, கலை எது என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. தமிழிலிருந்து அமீரின் ‘பருத்திவீரன்’ 2008இலும், பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024இலும் ஃபோரத்தில் திரையிடப்பட்டன. பின்னணி இசையே இல்லாத, ஒரு ஆட்டோவுக்குள்ளும் அதன் பின்னால் வரும் வண்டிகளிலும் முறுகும் ‘கொட்டுக்காளி’யை, கருத்துக்காக மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வது அந்தப் படத்துக்குச் செய்யும் அநீதி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று: அயல்நாட்டு அரசுகளை எதிர்ப்பதில் இருக்கும் துணிவு, சொந்த வீட்டு விஷயத்தில் இருக்கிறதா? சிறைத்தண்டனையும் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்ட ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹிக்காக 2011இல் நடுவர் இருக்கை ஒன்று காலியாகவே வைக்கப்பட்டது. 2015இல் அவருடைய ‘டாக்ஸி’ வென்ற தங்கக் கரடியை, அதில் நடித்த அவர் உறவுக்காரச் சிறுமி வாங்கிக்கொண்டாள். அதே விழா, தன் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பவர் நாஜி ஆட்சியின் திரைப்படத் தலைமை அலுவலகத்தில் வகித்த பங்கின் முழு அளவை, 2020இல் ‘டி சைட்’ வார இதழ் வெளிக்கொண்டுவரும் வரை கேட்டுப் பார்க்கவில்லை. பவர் பெயரிலேயே ஒரு வெள்ளிக் கரடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழங்கப்பட்டுவந்தது. செய்தி வந்ததும் பரிசு நிறுத்தப்பட்டது, வரலாற்று ஆய்வாளர்களிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. தாமதமானாலும் செய்யவேண்டியதைச் செய்தார்கள்.

2024இல் அந்த அளவு தெளிவு இல்லை. பாலஸ்தீனரும் இஸ்ரேலியரும் சேர்ந்து எடுத்த ‘நோ அதர் லேண்ட்’ ஆவணப்படப் பரிசு பெற்றது. மேடையில் காஸா பற்றிப் பேசியதற்காக அதன் இயக்குநர்களையும் வேறு சிலரையும் ஜெர்மன் அரசியல்வாதிகள் கடுமையாகச் சாடினார்கள்; ஹமாஸின் அக்டோபர் 7 தாக்குதலை அவர்கள் குறிப்பிடவில்லை என்பது முக்கியமான புகார். அந்தப் புகாரை எழுப்ப எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் பேச்சுகள் தனிநபர் கருத்துகளே, விழாவின் நிலைப்பாடு அல்ல என்ற விளக்கத்தோடு நிர்வாகம் நின்றுகொண்டது போதாது. தான் அழைத்துவந்து பரிசளித்த கலைஞர்கள் தன் மேடையில் பேசும் உரிமையை அது முதல் நாளிலேயே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். செலவில் கணிசமான பங்கை மத்திய அரசே தருவதால் அது எளிதல்ல என்பார்கள். 1951இலும் பணமும் ஆணையும் மேலிருந்துதான் வந்தன. 2024 ஏப்ரலில் பொறுப்பேற்ற இயக்குநர் டிரிஷா டட்டில் முன் இருந்த முதல் கேள்வியும் இதுவே: அழைத்தால் தங்களைக் கைவிட மாட்டார்கள் என்று ஒரு கலைஞர் நம்பி வரும் இடமாக பெர்லினை வைத்திருப்பது எப்படி?