குதிரையா, விலையா? கிண்டிப் பந்தயமும் வாணிகமும்

தமிழர்க்குக் குதிரை என்பது தொடக்கம் முதலே வாணிகப் பொருள். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பதிவு செய்கிறது. அரசன் பொருளோடு குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையை அறியாதார் இலர். நரி பரியாகி, பின் பரி நரியான அத் திருவிளையாடலை வாணிகன் ஒருவன் வாசித்தால், சரக்கைச் சோதியாமல் பெற்றதன் விளைவென்றே கொள்வான். அந்தக் குதிரை வாணிகம் மறைந்துவிட்டது. ஆனால் ஓடும் குதிரையின்மேல் பணம் கட்டுவதும் ஒருவகை வாணிகமே என்னும் வாதம் உலகெங்கும் வலுப்பெற்றிருக்கிறது. அது எவ்வளவு உண்மை? தாமல் ஊரைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலையின் கிழக்கே கிண்டி, மேற்கே பெங்களூர் என இரு பந்தய நகரங்கள் இருப்பதால், இக்கேள்வி நமக்கு அயலானதன்று.

கிண்டியில் 1777ஆம் ஆண்டிலிருந்து பந்தயம் நடந்துவந்ததாகக் கூறுவர். மதராஸ் ரேஸ் கிளப் 1896இல் தோன்றியது. கும்பினியாரின் பொழுதுபோக்காகப் பிறந்த ஆட்டம், இருபதாம் நூற்றாண்டில் கூலித் தொழிலாளியின் சட்டைப்பை வரை வந்துசேர்ந்தது. 'ரேஸுக்குப் போகிறவன்' என்றால் பெண் கொடுக்கத் தயங்கிய தலைமுறையை நம்மில் பலர் அறிவோம்.

பந்தயத் திடலில் பணம் கட்ட இரண்டு வழிகள். ஒன்று புக்கி, மற்றொன்று டோட். புக்கி ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விலை சொல்கிறார். நான்கு குதிரைகள் ஓடுகின்றன என்று கொள்வோம். இரண்டு குதிரைகளுக்கு ஒன்றுக்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்றுக்கு மூன்று, நான்காவதற்கு ஒன்றுக்கு நான்கு. எது வென்றாலும் கட்டியதும் சேர்த்து நூறு ரூபாய் திருப்பித் தரவேண்டுமெனில், அவர் முறையே 33, 33, 25, 20 ரூபாய் அளவில் பணம் பெற்றிருக்க வேண்டும். கூட்டினால் ஏறத்தாழ 111 ரூபாய். அதாவது எந்தக் குதிரை வென்றாலும் அவருக்குப் பதினொரு ரூபாய் மிச்சம். புக்கி குதிரையை நம்புவதில்லை. தம் பேரேட்டைச் சமன்செய்வதையே நம்புகிறார். ஐயத்துக்கு இடமின்றி அவர் வாணிகர்.

டோட் முறை பாரிஸில் ஜோசப் ஒல்லெர் 1860களில் உருவாக்கியது. எல்லோர் பணமும் ஒரே குவியலில் சேரும். நடத்துவோர் பங்கும் வரியும் முதலில் கழியும். எஞ்சியது வென்றவர்க்குப் பகிரப்படும். இங்கே விலை சொல்பவர் எவருமில்லை. கூட்டத்தின் எண்ணமே விலை.

ஆகவே பணம் கட்டுபவன் வாணிகனாக வேண்டுமெனில், 'எந்தக் குதிரை வெல்லும்?' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, 'இந்த விலை சரியா?' என்று கேட்கவேண்டும். ஹாங்காங்கில் பில் பெண்டர் என்னும் அமெரிக்கர் 1980கள் முதல் செய்தது இதையே. ஒவ்வொரு குதிரையின் வாய்ப்பையும் கணினி கொண்டு கணித்து, கூட்டம் குறைத்து மதித்த குதிரைமேல் மட்டுமே அவர் பணம் கட்டினார். 2000இல் இங்கிலாந்தில் தொடங்கிய பெட்ஃபேர் இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஒரு குதிரை வெல்லும் என்றும் கட்டலாம், வெல்லாது என்று எதிர்ப்பக்கமும் நிற்கலாம். ஒன்றுக்கு ஐந்து என்னும் விலையில் நூறு ரூபாய் கட்டுகிறோம். ஓட்டம் தொடங்குமுன் விலை ஒன்றுக்கு மூன்றாக இறங்குகிறது. உடனே அதே குதிரைக்கு எதிராகப் பிறரது நூற்றைம்பது ரூபாயை ஏற்கிறோம். குதிரை வென்றால் ஐந்நூறு வரவு, நானூற்றைம்பது செலவு. தோற்றால் நூறு செலவு, நூற்றைம்பது வரவு. இருவகையிலும் ஐம்பது ரூபாய் மிச்சம். குதிரை ஓடுவதற்கு முன்பே வாணிகம் முடிந்துவிட்டது.

நம் நாட்டிலோ இக்கேள்வி சந்தையில் அன்றி நீதிமன்றத்தில் எழுந்தது. 1974இல் கலைஞர் தலைமையிலான அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. மதுவிலக்கு மீண்டும் கொணரப்பட்டதும் அவ்வாண்டிலேயே. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ரேஸ் கிளப்பையே கையகப்படுத்தும் சட்டம் வந்தது. இவ்விரண்டும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1996 சனவரி 12 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, குதிரைப் பந்தயம் திறனே மேலோங்கிய விளையாட்டு, வெறும் சூதாட்டமன்று என்றது; 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. குதிரையின் மரபு, பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி, சுமக்கும் பாரம் ஆகியவற்றை ஆராய்ந்து பணம் கட்டுவது குருட்டு அதிர்ஷ்டம் ஆகாது என்பதே அதன் சாரம்.

நமக்கு இத்தீர்ப்பில் ஒரு மனக்குறை உண்டு. திறன் இருப்பதால் மட்டும் ஒன்று வாணிகமாகிவிடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவில், பந்தய ஒப்பந்தங்கள் செல்லா என்கிறது. பந்தயத்தில் வென்றதைக் கேட்டு வழக்குத் தொடுக்கவும் இடமில்லை. 500 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள குதிரைப் பந்தயப் பரிசுக்காகத் திரட்டும் பணத்துக்கு மட்டும் விலக்கு. சொன்ன சொல்லைச் சட்டம் காவாத இடத்தில் என்ன வாணிகம்?

வரியும் அதையே சொல்கிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பந்தயத்துக்கு 28 விழுக்காடு வரி. அதுவும் பின்னர் கட்டும் முழுத் தொகையின்மீதே கணக்கிடப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு. விலை ஏறும்போது வாங்கி இறங்கும்போது கைமாற்ற வேண்டியவன், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நூற்றுக்கு நாற்பது கட்டி எதை மிச்சம் பிடிப்பான்? பெண்டரே வந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது.

காஞ்சிபுரத்துத் தறிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். முதலீடு செய்பவர் பட்டு நூலையும் சரிகையையும் இன்றைய விலைக்கு வாங்குகிறார். சேலை விற்கும் நாளில் விலை எப்படியிருக்கும் என்பது அவருக்கும் தெரியாது. அவரும் ஒருவகையில் பந்தயமே கட்டுகிறார். எனினும் இறுதியில் ஒரு சேலை இருக்கிறது. நெய்தவர்க்குக் கூலி, உடுத்துபவர்க்கு ஆடை, விற்றவர்க்கு ஊதியம். பந்தயக் குவியலிலோ ஒருவர் பெறும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் வீட்டிலிருந்து வந்தது. வள்ளுவர் சூதினைப் பொருட்பாலில் தனி அதிகாரமாக வைத்தார்; வாணிகத்தையோ அறத்துப்பாலில், நடுவுநிலைமையில் பேசினார். பிறர் பொருளையும் தன்பொருள்போல் பேணுவதே அவருக்கு வாணிகம். பிறர் இழந்தாலன்றித் தனக்கு வரவில்லை என்னும் தொழில் அந்த அளவுகோலுக்குள் அடங்குமா?

கிண்டித் திடலுக்கு 1945இல் 99 ஆண்டுக் குத்தகை. 160 ஏக்கருக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. 730 கோடி ரூபாய் வாடகை நிலுவை கேட்டு எழுந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2024 செப்டம்பரில் அரசு அத்திடலுக்கு முத்திரையிட்டது. வழக்குகள் ஓயவில்லை, இடையே அங்கே மழைநீர் தேக்கக் குளங்கள் வெட்டப்பட்டன. இத்தனை ஆண்டுகளில் அத்திடலில் விலை அறிந்து வாணிகம் செய்தவர்கள் புக்கியும், கிளப்பும், வரி தண்டிய அரசுமே. குதிரையை நம்பிப் பணம் கட்டியவன், தன்னை வாணிகன் என்று எண்ணிக்கொண்டிருந்த வாடிக்கையாளன் மட்டுமே.