கற்படுக்கை அளித்த வணிகர்

கரூர் மாவட்டம் புகளூரை அடுத்த ஆறுநாட்டார் மலையில், சமண அறவோர் வைகிய குகைத்தளங்கள் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று சேரர் குடியின் மூன்று தலைமுறையைக் கூறி, இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்ற பொழுதில் செங்காயபன் என்னும் துறவிக்கு உறையுள் செதுக்கி அளித்ததைத் தெரிவிக்கிறது. அதே மலையில் கருவூர்ப் பொன் வணிகர் நத்தி என்பவரின் கொடையும் பொறிக்கப்பட்டுள்ளது. அரசன் அளித்ததும் வணிகர் அளித்ததும் துறவியர் தங்குவதற்குரிய கல்லிடமே.

மதுரையை அடுத்த மாங்குளத்தில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டினவாக ஐராவதம் மகாதேவன் கணித்த கல்வெட்டுகள், வெள்ளறை வணிகர் நிகமத்தாரின் கொடையைக் கூறுகின்றன. அழகர்மலையில் உப்பு வணிகரும், கலப்பைக்குக் கொழு விற்ற வணிகரும், பொற்கொல்லரும் கொடையாளர்களாகக் காணப்படுகின்றனர். பொருளீட்டுவதையே தொழிலாகக் கொண்ட இவர்கள், ஒரு பொருளும் தமதென்று கொள்ளாத முனிவரைத் தேடி மலையேறினர். செல்வத்துக்கும் அறத்துக்கும் இடையே நம் முன்னோர் கண்ட உறவை இக்கற்கள் காட்டுகின்றன.

இவ்வுறவைப் பிற்கால அறநூல்கள் முறைப்படுத்தின. சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் உணவு, மருந்து, உபகரணம், உறையுள் எனத் தானத்தை நான்காக வகுக்கிறது. குகையில் வெட்டிய கற்படுக்கை இவற்றுள் உறையுள் தானமாகும்.

அந்நூல் இல்லறத்தாரைப் பொருளீட்ட வேண்டாவென விலக்கவில்லை. உடைமைக்கு எல்லை வகுத்துக் கொள்ளுமாறு பணிக்கிறது. இதுவே பரிக்கிரக பரிமாணம் என்னும் அணுவிரதம். இதற்கு ஐந்து குற்றங்கள் கூறப்படுகின்றன: விலங்குகளை அளவுக்கு மீறி ஓட்டுதல், அளவின்றிப் பொருள் குவித்தல், பிறர் செல்வம் கண்டு வியத்தல், பேராசை கொள்ளுதல், விலங்குகளின் மீது மிகைச் சுமை ஏற்றுதல். பெட்டியில் உள்ள பொருளை மட்டும் எண்ணினால் இவ்விரதம் நிறைவேறாது. அப்பொருளுக்காக எருது எத்தனை காதம் நடந்தது, எவ்வளவு சுமை தாங்கியது என்பதும் கணக்கில் சேரும். அண்டை வீட்டாரின் செல்வத்தை ஏக்கத்தோடு நோக்கும் கண்ணும் அக்கணக்கிற்கு உட்பட்டதே.

இன்பத்தைப் பற்றிய தெளிவே இதற்கு அடிப்படை. பொறிவழி வரும் இன்பம் வினைக்கு உட்பட்டது, முடிவுடையது, இடையிடையே துன்பம் கலந்தது. மெய்யின்பமோ உயிரின் இயல்பு. அது விலைக்கு வாங்கப்படுவதன்று. பற்று நீங்க நீங்க வெளிப்படுவது. சமண முனிவர் பாடியதாகப் போற்றப்படும் நாலடியார், தன் 40 அதிகாரங்களில் செல்வம் நிலையாமையை முதலில் வைத்ததும், ஈகைக்குத் தனி அதிகாரம் வகுத்ததும் இக்கருத்தோடு இயைவன.

அட்சய திருதியையின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. நெடுநாள் தவத்தின்பின் ஆதிபகவன் விருஷபதேவர் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையறியாத மக்கள் பொன்னும் மணியும் ஊர்திகளும் கொணர்ந்து நீட்டினர். அவற்றுள் ஒன்றும் பகவானுக்கு வேண்டியதன்று. திங்கள் பல கடந்தபின், அஸ்தினாபுரத்தில் முற்பிறவி நினைவு பெற்ற சிரேயாம்சன் கரும்புச் சாறு அளித்தான். அந்நாளே தானம் தோன்றிய திருநாள்.

அத்திருநாள் இன்று பொன் வாங்கும் நாளாக விளம்பரம் செய்யப்படுகிறது. நம் இல்லங்களும் அதற்கு விலக்கல்ல. பகவான் ஏற்காத பொன்னை அவர் பெயரால் அமைந்த நாளிலேயே தேடிச் செல்கிறோம். அன்று ஒருவருக்கு உணவோ மருந்தோ ஏட்டுச்சுவடியோ தங்குமிடமோ அளிப்பதே அந்நாளின் தொன்மைக்குப் பொருந்தும். கருவூர்ப் பொன் வணிகர் எவ்வளவு பொன் விற்றார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அவர் அளித்த இடம் மட்டும் அவர் பெயரோடு மலையில் இருக்கிறது.