வீரம் என்னும் சொல்: பொருளும் வழக்கும்

மீலாது மேடைகளிலும் சீறா நூல்களிலும் அண்ணல் நபி (ஸல்) அவர்களை ‘மாவீரர்’ என்று போற்றும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. அப்போற்றுதலுக்கு அடிப்படையான அன்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. எனினும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறியாமல் சொல்லைக் கையாண்டால், நாம் கருதாத பொருளையும் அது உடன் அழைத்து வந்துவிடும். எனவே வீரத்தைக் குறிக்கும் அரபுச் சொற்கள் எவ்வாறு வழங்கின, எவ்வாறு மாறின என்பதை ஈண்டு சுருக்கமாக ஆராய்வோம்.

அரபியில் வீரனைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் சொல் ‘பதல்’ என்பது. இதன் வேர்ச்சொல்லுக்கு வீணாதல், செல்லாததாதல் என்பன பொருள். பொய்மையைக் குறிக்கும் ‘பாதில்’ என்னும் சொல்லும் இவ்வேரினின்றே கிளைத்தது. வீரனுக்கு இப்பெயர் ஏன் வந்தது என்பதற்கு அகராதி ஆசிரியர்கள் பல விளக்கங்கள் தருகின்றனர். அவன்முன் வலியோரின் வலிமை பயனற்றுப் போகும் என்பது ஒன்று. அவனால் வீழ்ந்தோரின் குருதிக்குப் பழிவாங்க இயலாது, அது வீணாகிவிடும் என்பது மற்றொன்று. குலப்பகையும் பழிக்குப்பழியும் வாழ்வின் சட்டமாக இருந்த ஒரு காலத்தின் சுவடு இவ்விளக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது.

‘ஹமாஸா’ என்பது மற்றொரு சொல். கடுமை, விடாப்பிடி, போரில் உறுதி என்பன இதன் பொருள்கள். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர் அபூ தம்மாம் பழைய அரபுப் பாடல்களைத் திரட்டிப் பத்து இயல்களாக வகுத்தார். முதல் இயல் வீரம் பற்றியது. அதுவே எல்லா இயல்களிலும் பெரியது. ஆகவே முழு நூலுக்கும் ‘அல்-ஹமாஸா’ என்றே பெயர் நிலைத்தது. ஆயினும் அத்தொகுப்பில் இரங்கற்பாக்களும், நல்லொழுக்கப் பாடல்களும், விருந்தோம்பலைப் புகழும் பாடல்களும் இடம்பெற்றுள்ளன. அறியாமைக் காலத்து அரபியனுக்குங்கூட வாள்வீச்சு மட்டுமே வீரமாக இருக்கவில்லை. வறட்சிக் காலத்தில் விருந்தினனுக்காக ஒட்டகத்தை அறுப்பவனும் அவன் கண்ணில் பெருமகனே.

இனித் திருக்குர்ஆனை நோக்குவோம். வீரம் என்று நாம் மொழிபெயர்க்கும் ‘ஷஜாஆ’ என்னும் சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. ‘பதல்’ என்பதும் இல்லை. போர்கள் பேசப்படும் வசனங்களிலும் இச்சொற்கள் ஆளப்படவில்லை என்பது கருதத்தக்கது. அவற்றின் இடத்தில் நிற்பது ‘ஸப்ர்’ என்னும் பொறுமை. அவ்வேரினின்று பிறந்த சொற்கள் நூறு இடங்களுக்கு மேல் வருகின்றன. வறுமை, துன்பம், போர் ஆகிய மூன்று நிலைகளிலும் வேண்டப்படும் பண்பை அல்-பகரா அத்தியாயத்தின் 177ஆம் வசனம் இதே சொல்லால்தான் குறிக்கிறது. தூதர்களுள் சிறந்தோர் ‘உலுல் அஸ்ம்’, அதாவது மனவுறுதி உடையோர் எனப்படுகின்றனர். சிலைகளை உடைத்த இப்ராஹீம் (அலை) அவர்களை அவர்தம் சமூகத்தார் ‘ஃபதா’, இளைஞர், என்றே சுட்டியதாகக் குர்ஆன் கூறுகிறது. பிற்காலத்து ஸூஃபிகள் ‘ஃபுதுவ்வா’ என்னும் பெருந்தகைமைக் கொள்கையை வகுத்தபோது, இந்த இளைஞரையே முன்னோடியாகக் கொண்டனர்.

நபிமொழிகள் இம்மாற்றத்தை மேலும் தெளிவுபடுத்துகின்றன. மற்போரில் பிறரை வீழ்த்துபவன் அல்லன், சினம் பொங்கும்போது தன்னை அடக்குபவனே வலியவன் என்னும் கருத்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. வீரத்திற்காகவும் குலமானத்திற்காகவும் பிறர் காணவும் போரிடுவோரில் இறைவழியில் நிற்பவர் யார் என வினவப்பட்டபோது, அம்மூன்றையும் விடுத்து, இறைவாக்கு ஓங்கப் போரிடுபவரே அவர் என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். வீரம் தன்னளவில் ஒரு நோக்கமாக ஏற்கப்படவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

அறநூலாரும் இவ்வழியே சென்றனர். இப்னு மிஸ்கவைஹியும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் கோழைத்தனத்திற்கும் கண்மூடித்தனமான துணிச்சலுக்கும் இடைப்பட்ட நடுநிலையே வீரம் என்றனர். காழி இயாள் (ரஹ்) அவர்கள் தம் ‘அஷ்-ஷிஃபா’ நூலில், சினத்தின் ஆற்றல் அறிவுக்குக் கட்டுப்பட்டு நிற்பதே வீரம் என வரையறுத்தார்கள். அண்ணலாரின் வீரத்தை விளக்க அறிஞர்கள் எடுத்தாளும் நிகழ்ச்சியும் இதற்கு இயைந்ததே. ஓர் இரவு மதீனாவில் ஏதோ பேரொலி கேட்டு மக்கள் அஞ்சி வெளியேறினர். அவர்களுக்கு முன்பே தனியே சென்று பார்த்துவிட்டு, அபூ தல்ஹா (ரலி) அவர்களின் சேணமில்லாக் குதிரைமீது நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அஞ்ச வேண்டாம் என்று மக்களைத் தேற்றினார்கள். அங்கே வெல்லப்பட்டது எதிரியன்று, மக்களின் அச்சமே.

அப்படியாயின் நபி (ஸல்) அவர்களை ‘பதல்’ என அழைக்கும் வழக்கம் எப்போது தோன்றியது? 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் தாமஸ் கார்லைல் இலண்டனில் வீரர்களைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றுள் இரண்டாவது, நபி (ஸல்) அவர்களைப் பற்றியது. அவர்களை வஞ்சகர் என்று பழித்துவந்த ஐரோப்பியக் கூற்றை அவர் வன்மையாக மறுத்தார். இந்நூலை முஹம்மத் அஸ்-ஸிபாயீ என்னும் எகிப்திய எழுத்தாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘அல்-அப்தால்’, அதாவது வீரர்கள், என்ற பெயரில் மொழிபெயர்த்தார். பின்னர் அரபு லீகின் முதல் பொதுச்செயலாளராக விளங்கிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம் ‘பதலுல் அப்தால்’, வீரர்க்கெல்லாம் வீரர், என்ற தலைப்பிலேயே நபிகளாரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அடிமைப்பட்டிருந்த ஒரு சமுதாயம் தலைநிமிர இச்சொல்லை நாடியதில் வியப்பில்லை.

ஆனால் கார்லைல் அதே உரையில் கூறிய வேறு சிலவும் உண்டு. திருக்குர்ஆனைப் படிப்பது தமக்கு அயர்வூட்டியதாக அவர் குறைகூறினார். தம் அவையோரில் எவரும் முஸ்லிமாகிவிடுவார் என்னும் அச்சம் இல்லாமையால், நபிகளாரைப் பற்றி நல்லவற்றையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம் என்றும் குறிப்பிட்டார். நம் மேடைகளில் அவரை மேற்கோள் காட்டுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. வீரனைப் போற்றுவதற்கு அவனைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமில்லை. தொலைவில் நின்று வியந்தால் போதும். குர்ஆனோ அண்ணலாரை ‘உஸ்வா’, பின்பற்றத்தக்க முன்மாதிரி, என்கிறது. ‘பதல்’ என்பது கைதட்டலைக் கேட்கும் சொல். ‘உஸ்வா’ என்பது வாழ்வைக் கேட்கும் சொல். இன்றைய அரபியில் விளையாட்டுப் போட்டியின் வாகையரும் ‘பதல்’, நாவலின் கதைத்தலைவனும் ‘பதல்’ என்பதை நோக்கினால் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும்.

தமிழ் மரபும் இங்கு நமக்குத் துணைநிற்கிறது. பிற்காலத்தார் வீரச்சுவை என்று கூறியதைத் தொல்காப்பியம் ‘பெருமிதம்’ என்னும் மெய்ப்பாடாக வைத்து, கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள் என்றது. இதனை முஸ்லிமில் பதிவான ஒரு நபிமொழியோடு வைத்து நோக்குவோம். மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவர் போர்வீரர், கற்றவர், கொடையாளர். வீரன் எனவும் அறிஞன் எனவும் வள்ளல் எனவும் பெயர் பெறவே அவர்கள் உழைத்தமையால், அப்பெயர் உலகிலேயே கிடைத்துவிட்டது என்று கூறப்பட்டு நரகத்திற்கு இழுத்துச் செல்லப்படுவர். தொல்காப்பியர் வைத்த நான்கனுள் மூன்று இங்கும் இருக்கின்றன. நான்காவதாகிய புகழ் நோக்கமாக நுழைந்தபோது மற்ற மூன்றும் பாழாயின.

‘வீரர்’ என்னும் சொல்லை நாம் விலக்க வேண்டுவதில்லை. காழி இயாள் (ரஹ்) அவர்கள் வகுத்த பொருளில் அதனை ஆளலாம். ஆனால் நம் இளைஞர்களிடம் அச்சொல்லைக் கூறும்போது, ஹுனைனில் பலர் பின்வாங்கியபோது நிலைகுலையாது நின்ற அண்ணலாரோடு, ஹுதைபிய்யாவில் போரின்றித் திரும்பிய அண்ணலாரையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். தெளிவான வெற்றி என்று குர்ஆன் பெயரிட்டது அவ்வுடன்படிக்கையைத்தான் என்பர் விரிவுரையாளர் பெரும்பாலோர்.